முன்பக்கம் அடிபட்ட பழைய கார்: கைவைக்கும் முன் சேதத்தைக் கணக்கிடுவது எப்படி?

1965-ஆம் ஆண்டு தயாரான மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினேன். இடது மட்கார்டு உள்வாங்கி, ஹெட்லைட் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு மட்கார்டு மாற்றினால் வேலை முடிந்தது" என்றார் விற்றவர். நம்பினேன். வண்டி வந்து இறங்கிய வாரமே புது மட்கார்டும் பானட்டும் வரவழைத்துவிட்டேன். மட்கார்டைப் பொருத்தப் போனால் கதவுப் பக்கத்து போல்ட்டுகள் சரியாக உட்கார்ந்தன, முன்பக்கத் துளைகள் மட்டும் 9 மி.மீ. தள்ளி நின்றன. அரம் போட்டுத் துளையை நீட்டினேன். பானட் மூடவில்லை. பானட் கீலை நகர்த்தினேன், மறுபக்கம் இடித்தது. ஒன்றை நேராக்க இன்னொன்று கோணிக்கொண்டே போனது. நான்கு மாதம் கழித்துத்தான் வண்டிக்கு அடியில் படுத்து ஒழுங்காக அளந்து பார்த்தேன். இடது சேசிஸ் லெக், அதாவது எஞ்சினுக்குப் பக்கத்தில் முன்னால் நீளும் சட்டம், வளைந்திருந்தது.

அந்த நான்கு மாதமும், துளை நீட்டிக் கெடுத்த மட்கார்டின் விலையும் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நசுங்கிய தகரம் கண்ணுக்குத் தெரியும், செலவும் குறைவு. இடித்த விசை உள்ளே எதுவரை போய் நின்றது என்பதில்தான் உங்கள் பணமும் காலமும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு பேனலும் வாங்காதீர்கள், ஒரு வெட்டும் போடாதீர்கள்.

1. முதலில் காகிதங்கள்

வண்டியைத் தொடும் முன் பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒப்பிடுங்கள். எண் என்ன என்பதோடு, அது எந்தத் தகட்டில் இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பல பழைய கார்களில் இந்த எண் முன்பக்கத்திலேயே இருக்கும்: ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பு) ரிவிட் அடித்த தகடாக, உள் மட்கார்டில், அல்லது சேசிஸ் லெக்கின் மேலேயே குத்தியிருப்பார்கள். நீங்கள் வெட்டி எறியப்போகும் துண்டிலேயே வண்டியின் அடையாளமும் போய்விட்டால், அதற்கு மேல் அது காகிதத்தில் இல்லாத வண்டி. எண் உள்ள பகுதியை மாற்றத்தான் வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன்பே உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். விதி ஊருக்கு ஊர் வேறு. வாய்மொழியாக "பரவாயில்லை" என்று சொன்னவர் அடுத்த வருடம் அந்த இருக்கையில் இருக்க மாட்டார்.

பழைய காப்பீட்டுக் கோப்பு கிடைக்குமா என்று விற்றவரிடம் கேளுங்கள். வண்டி ஒருமுறை முழு இழப்பாகக் கணக்கெழுதப்பட்டிருந்தால் அது பின்னாளில் காப்பீட்டிலும் மறுவிற்பனையிலும் இடறும்.

மூன்றாவது காகிதம், உங்கள் மாடலுக்கான பணிமனைக் கையேடு. அதில் வண்டியின் அடிப்பகுதிப் படமும், எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவுகளும் உள்ள பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கப் பதிப்புகளில் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருக்காது. அது இல்லாத கையேட்டை இந்த வேலைக்காக வாங்க வேண்டாம்.

2. உங்கள் வண்டியின் எலும்பு எது?

தனிச் சட்டகத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வண்டியா, தரையும் பக்கங்களும் கூரையும் சேர்ந்தே எடை தாங்கும் மோனோகாக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகள் முதல் வகை. அவற்றில் தகரமும் சட்டகமும் தனித்தனி நோயாளிகள், ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவு செய்யக்கூடாது. சட்டகம் சாய்சதுரமாகக் கோணுவது இந்த வகையில்தான் அதிகம். ஒரு பக்க நீளச்சட்டம் பின்னால் தள்ளப்பட்டிருக்கும், வெளியே மட்கார்டு ஒரு பக்கம் தள்ளி நிற்பதாக மட்டும் தெரியும்.

மோரிஸ் மைனர், எம்ஜிபி போன்றவை இரண்டாம் வகை. எஞ்சினுக்கு இருபுறமும் ஃபயர்வாலிலிருந்து முன்னால் நீளும் பெட்டி வடிவச் சட்டங்கள் சேசிஸ் லெக். அவை வளைந்தால் மொத்த வண்டியும் கோணல். ஜாகுவார் இ-டைப் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: உட்காரும் பகுதி மோனோகாக், எஞ்சினைத் தாங்குவது ஃபயர்வாலில் போல்ட் போட்ட குழாய்ச் சட்டகம். அந்த மெல்லிய குழாய் வளைந்திருந்தால் நிமிர்த்த நினைக்காதீர்கள், மாற்றுங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் மட்கார்டு வெறும் போல்ட் வேலை. அங்கே பார்க்க வேண்டியது உதிரி டயர் உட்காரும் குழியும், அதற்குப் பின்னால் முன் அச்சு பொருத்தப்படும் சட்டகத் தலையும்.

இன்னொன்று. இடியைத் தானே வாங்கி மடிந்து, உள்ளே இருப்பவரைக் காக்கும் முன்பகுதி 1959-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 111-இல்தான் முதலில் வந்தது. மற்றவர்கள் பின்பற்ற வெகுகாலம் ஆனது. அதனால் பழைய வண்டியில் முன்னால் தகரம் அதிகம் மடியவில்லை என்பது நல்ல செய்தி அல்ல. மடியாத விசை உள்ளே போயிருக்கும்.

3. கழுவி, காயவைத்து, படம் எடுங்கள்

பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக டேங்க் முன்னால் உள்ள வண்டிகளில். அடியில் ஒட்டிய சேறு, கிரீஸ் எல்லாம் போகும்வரை கழுவுங்கள். விரிசல் சேற்றுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் படங்கள் எடுங்கள். ஒரே உயரத்திலிருந்து, அளவு நாடா படத்துக்குள் தெரியும்படி. நான் 11 படம் எடுத்தேன். வேலை நடந்தபோது தேடிய படம் எப்போதும் பன்னிரண்டாவதாகவே இருந்தது. நூற்றைம்பது எடுத்தாலும் தவறில்லை.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் லைனிங்கிலும் ஃபயர்வால் உறைகளிலும் கல்நார் இருக்கலாம். எனவே உலர்வாகத் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள், முகமூடி இல்லாமல் அருகே போகாதீர்கள்.

4. இடைவெளிகளைப் படியுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பானட்டுக்கும் மட்கார்டுக்கும், மட்கார்டுக்கும் கதவுக்கும், கதவுக்கும் பின்தூணுக்கும் நடுவே உள்ள கோடுகளைப் பாருங்கள். இத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா, இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்பது முக்கியம். 4 மி.மீ.-இல் தொடங்கி 9 மி.மீ.-இல் முடியும் இடைவெளி ஏதோ சொல்ல வருகிறது.

மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. கீழே நெருங்கி மேலே விரிந்திருந்தால் மூக்கு தொங்கியிருக்கிறது. கதவின் பின்விளிம்பு தூணை உரசினால் முன்தூணே பின்னால் வந்திருக்கலாம், அதுதான் கவலைப்பட வேண்டிய இடம். அப்புறம் கண்ணைக் கூரைக்குக் கொண்டுபோங்கள். கதவுத் தூண்களுக்கு மேலே கூரையில் சாய்ந்த வெளிச்சம் பட்டு அலை மாதிரி நெளிவு தெரிந்தால், முன்னால் பட்ட அடி அதுவரை வந்திருக்கிறது.

இங்கே ஒரு பொறி. பழைய கார்க் கதவு தொங்குவதற்குப் பெரும்பாலும் கீல் ஊசி தேய்ந்ததே காரணம். கதவைப் பாதி திறந்து அதன் நுனியைக் கையால் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் அது தேய்மானம். ஆடாமல் இடைவெளி மட்டும் கோணலாக இருந்தால் பாடியைச் சந்தேகப்படுங்கள்.

5. பட்டிக்கு அடியில் என்ன?

அறுபது வருட வண்டிக்கு இதுதான் முதல் அடி என்று நினைக்காதீர்கள். முன்பு யாரோ நசுங்கலைப் பட்டியால், அதாவது பூசினால் காய்ந்து கெட்டியாகும் பசையால், நிரப்பியிருக்கலாம்.

சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இழுத்துக்கொண்டே போங்கள். பிடி தளரும் இடம் பட்டி. பெயிண்ட் தடிமன் மானி கிடைத்தால் இன்னும் நல்லது: தொழிற்சாலைப் பெயிண்ட் ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரான், மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் கூடும், ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருப்பது உறுதி. விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள், பட்டி உள்ள இடம் மந்தமாகக் கேட்கும்.

ஆனால் காந்தம் பொய்யும் சொல்லும். அந்தக் காலத் தொழிற்சாலைகளே பேனல் இணைப்புகளில் ஈயம் பூசி நிரவினார்கள். அங்கே காந்தம் ஒட்டாது, அது குறையல்ல. லேண்ட் ரோவர் போல அலுமினியப் பேனல் உள்ள வண்டியில் காந்தத்துக்கு வேலையே இல்லை. நான் ஈயம் பூசிய இணைப்பைப் பட்டி என்று நினைத்துச் சுரண்டிக் கெடுத்தேன், அதைத் திரும்ப நிரவித் தருபவரைத் தேடுவது தனிக் கதை.

எல்லாவற்றையும்விட நம்பகமானது பேனலின் பின்பக்கம். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில், சின்ன வட்டக் குழிகளாக இருக்கும். புழு ஊர்ந்த மாதிரி வெல்டிங் வரி, தேய்த்த தடம், தகடு மேல் தகடு இதெல்லாம் பழைய கை வேலை.

6. கழற்றுங்கள், ஆனால் மெதுவாக

பம்பர், கிரில், பானட், மட்கார்டு என்ற வரிசையில் கழற்றுங்கள். கீல்களுக்கும் மட்கார்டு போல்ட்டுகளுக்கும் அடியில் வாஷர், மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அவை தொழிற்சாலையில் இடைவெளியைச் சரிசெய்யப் போட்டவை. எந்த போல்ட்டுக்கு எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள்.

ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும் தலைக்கு அடியில் பாருங்கள். போல்ட் நகர்ந்திருந்தால் பழைய தடம் பளபளப்பான பிறையாகத் தெரியும். துளை நீள்வட்டமாகியிருந்தால் பேனல் இழுபட்டிருக்கிறது, அல்லது என்னைப் போல ஒருவர் அரம் போட்டிருக்கிறார்.

எல்லாம் போன பிறகு டார்ச்சுடன் உட்காருங்கள். தேட வேண்டியவை: சேசிஸ் லெக்கின் பக்கங்களில் மடிப்பு, அடிப்பூச்சில் புது விரிசல், இணைப்புகளில் பூசிய சீலர் பிளந்த இடம், பிய்ந்த ஸ்பாட் வெல்டு, ஃபயர்வாலில் பெடல்களுக்குப் பக்கத்தில் சுருக்கம். வளைவின் உள்பக்கம் தகடு புடைக்கும், வெளிப்பக்கம் பெயிண்ட் நுண்ணிய கோடுகளாகப் பிளக்கும். விசை போன வழியைச் சாக்பீஸால் முன்னிருந்து பின்னாக வரைந்துகொண்டே போங்கள். கடைசிக் கோடு விழுந்த இடத்தோடு நிற்காமல் இன்னும் இரண்டு அடி பின்னால் தேடுங்கள்.

எஞ்சின் தாங்கிகளின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஃபேன் ரேடியேட்டரைத் தொடுகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. வளைந்த ஃபேனை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், ஓடும்போது உடைந்து பறக்கும். ஸ்டீயரிங் பெட்டியை அதிக நேரம் பாருங்கள். அது சேசிஸ் லெக்கில் அமரும் இடத்தில் முடி போன்ற விரிசல் இருந்தாலும் வண்டி ஓடக்கூடாது. பழைய ஸ்டீயரிங் தண்டுகள் மோதலில் மடங்காதவை. முன்னால் நகர்ந்தது அப்படியே சக்கரம் வரை வந்திருக்கும்.

மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டியில் கிரீஸ் போடாமல் விட்டால் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியனின் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். மட்கார்டு நசுங்கியது மோதியதால் அல்ல, சக்கரம் மடங்கியதால் என்றும் இருக்கலாம். மரையைப் பார்க்காமல் தகரத்தை மட்டும் சரிசெய்தால் அதே மட்கார்டு மறுபடி நசுங்கும்.

7. அளவெடுப்பு: இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

நான் செய்யாமல் விட்ட படி இது. தேவையானவை விலை குறைந்தவை: எஃகு அளவு நாடா, தூக்குக்குண்டு, ரசமட்டம், சாக்பீஸ், ஜாக் ஸ்டாண்டு நான்கு. இரண்டு நுனியிலும் நகரும் ஊசி உள்ள நீளமான அளவுகோல் வாடகைக்குக் கிடைத்தால் வேலை பாதி.

சமமான தரையில் நான்கு ஸ்டாண்டுகளிலும் வண்டியை ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். ஸ்டாண்டு சேசிஸின் பலமான இடத்தில் உட்கார வேண்டும். சேதமடைந்த லெக்கில் வைக்காதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

கையேட்டில் உள்ள துளைகளைக் கண்டுபிடியுங்கள். கையேடு இல்லையென்றால் இடமும் வலமும் ஜோடியாக இருக்கும் தொழிற்சாலைத் துளைகள், சஸ்பென்ஷன் போல்ட் மையங்கள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் தரையில் புள்ளி வையுங்கள். முடித்ததும் வண்டியின் நிழல் மாதிரி ஒரு வரைபடம் தரையில் கிடைக்கும்.

இப்போது மூலைவிட்டங்கள். அடிபடாத நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஃபயர்வாலுக்குக் கீழே உள்ள ஜோடியையும் பின்னிருக்கைக்குக் கீழே உள்ள ஜோடியையும் குறுக்காக அளந்தால் இரண்டு மூலைவிட்டமும் சமமாக வர வேண்டும். இந்தச் சதுரம் சரியாக இருந்தால் அதை ஆதாரமாக வைத்து முன்னால் போங்கள்: ஃபயர்வால் ஜோடியிலிருந்து சஸ்பென்ஷன் ஜோடிக்கு, அங்கிருந்து ரேடியேட்டர் தாங்கிக்கு. எந்தப் பெட்டியில் மூலைவிட்டங்கள் முதன்முதலில் பிரிகின்றனவோ அங்கேதான் வளைவு தொடங்குகிறது. 3 மி.மீ. வரையிலான வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை, பழைய தொழிற்சாலைகளே அவ்வளவு விட்டிருக்கின்றன. என் வண்டியில் நடுப்பகுதி 2 மி.மீ., அதற்கு முன்பெட்டி 11 மி.மீ. வந்தது. மட்கார்டு துளை ஏன் உட்காரவில்லை என்பது அப்போது புரிந்தது.

மூலைவிட்டம் உயரத்தைச் சொல்லாது. ஒவ்வொரு துளைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தையும் இடம், வலம் எழுதுங்கள். லெக் பக்கவாட்டில் போகாமல் நேராக மேலே தூக்கியிருந்தால் தரை வரைபடம் அழகாகச் சதுரமாகவே இருக்கும்.

இடப்பக்க அச்சுத் தூரத்தையும் (முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை) வலப்பக்க அச்சுத் தூரத்தையும் ஒப்பிடும்போது உங்கள் மாடலைத் தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள். ரெனோ 4-இல் பின்பக்க டார்ஷன் பார்கள் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள்) ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடப்பதால், இரு பக்க அச்சுத் தூரமும் பிறவியிலேயே ஏறக்குறைய 5 செ.மீ. வேறுபடும். அதைச் சேதம் என்று நினைத்து இழுத்தால் நல்ல வண்டி கெடும்.

எல்லா அளவையும் இன்னொரு நாள், முதல் தாளைப் பார்க்காமல், மறுபடி எடுங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் தவறு உங்கள் நாடாவில்.

சக்கரம் உருளும் நிலையில் இருந்தால் அலைன்மென்ட் அறிக்கையும் வாங்குங்கள். டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) விடுங்கள், அது எளிதில் மாறும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), முன்னாலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு மூன்றையும் கேளுங்கள். கேம்பரும் அச்சுச் சாய்வும் கூட்டினால் வரும் கோணம் இரு பக்கமும் ஒன்றாக இருந்து, தனித்தனியே மட்டும் வேறுபட்டால் சஸ்பென்ஷன் அமரும் இடமே நகர்ந்திருக்கிறது. கூட்டுத்தொகையே வேறுபட்டால் சக்கரத்தைத் தாங்கும் பாகம் வளைந்திருக்கிறது. பின்னது போல்ட் கழற்றி மாற்றும் வேலை, முன்னது பாடி வேலை.

8. நிமிர்த்துவதா, வெட்டி ஒட்டுவதா, மாற்றுவதா?

வளைந்தது நிமிரும், கூர்மையாக மடிந்தது நிமிராது. சேசிஸ் லெக்கில் இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மடிந்த இடத்தில் இரும்பு கெட்டிப்பட்டு, நிமிர்த்தும்போது விரிசல் விடும்.

வெளித் தகரத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பழைய வண்டிகளின் வெளித் தகடு இன்றைய தகட்டைவிடத் தடிமன், ஒரு மி.மீ.-க்கு அருகே இருக்கும். நல்ல டிங்கரிங் கைக்கு அது கட்டுப்படும். கட்டைவிரலால் அழுத்தினால் "டொக்" என்று உள்ளே போய் வெளியே வரும் தகரம் நீண்டிருக்கிறது. சூடுகாட்டிச் சுருக்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும். ஆனாலும் மறு உற்பத்திப் பேனலைப் பொருத்த ஆகும் நேரத்தையும் கூட்டினால் அசல் பேனலை நிமிர்த்துவதே பல சமயம் லாபம். நான் வாங்கிய புது மட்கார்டில் ஹெட்லைட் வளையமே வட்டமாக இல்லை. நிமிர்த்திய பிறகு 3 மி.மீ.-க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் வேலை முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இழுப்பதென்றால் பாடியைப் பட்டறையின் இழுவைச் சட்டத்தில் கட்டி, அடி விழுந்த திசைக்கு நேர் எதிரே, கடைசியாக மடிந்ததை முதலில் எடுக்க வேண்டும். வீட்டில் சங்கிலி கட்டி மரத்தில் இழுக்கும் யோசனை எனக்கும் வந்தது. வேண்டாம்.

இரு லெக்கும் போய், ஃபயர்வாலும் சுருங்கி, தரையும் துருவாக இருந்தால், அந்த வண்டியைப் பாகங்களுக்காக வைத்துக்கொண்டு நல்ல பாடியுள்ள இன்னொன்றைத் தேடுங்கள். ஒன்றின் எண் தகட்டை இன்னொன்றில் மாட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது குற்றம்.

9. சில்லறைச் சாமான் பட்டியல்

தகரத்தைவிட இதுதான் பையைக் காலி செய்யும். ஹெட்லைட் கிண்ணம், வளையம், கிரில் பட்டைகள், பம்பர் தாங்கி, முன்பக்கச் சின்னம், ரப்பர்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி, கிடைக்கிறதா, எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டு வையுங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த அலங்காரப் பாகங்கள் பொரிந்திருந்தால் மறுபடி குரோம் பூசுவது கடினம், செலவும் அதிகம். உடைந்ததைக்கூட எறியாதீர்கள், அச்சு எடுக்க அதுதான் மாதிரி.

10. மதிப்பீடும் காலமும்

சாக்பீஸ் படமும் அளவுத் தாளும் கையில் வந்த பிறகுதான் பட்டறைகளைக் கூப்பிட வேண்டும். மூன்று பேரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். கூலி எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு, பாகம் எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் சொல்பவரிடம் பின்னால் எதையும் கேட்க முடியாது. திறந்த பிறகு புதுச் சேதம் தெரிந்தால் உங்கள் ஒப்புதல் இல்லாமல் தொடரக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரியை எழுத மறுத்த பட்டறையிலிருந்து நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பணத்தைச் சேதம் சரிசெய்தல், பேனல் பொருத்துதல், பெயிண்ட் என்று மூன்று தவணையாகப் பிரியுங்கள். இரண்டாவது தவணைக்கு முன் எல்லாப் பேனலும், கிரில், ஹெட்லைட், பம்பர் உட்பட, பெயிண்ட் இல்லாமல் வண்டியில் மாட்டப்பட்டு, கதவும் பானட்டும் திறந்து மூடிக் காட்டப்பட வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு தெரியும் இடைவெளிக் கோளாறுக்கு இரண்டு மடங்கு கூலி. மதிப்பீட்டில் வந்த தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கை நான் தனியே எடுத்து வைத்தேன், முழுவதும் செலவானது.

காலக் கணக்கு: காகிதமும் கையேடும் சேர இரண்டு, மூன்று வாரம். கழுவி, படமெடுத்து, இடைவெளி பார்க்க ஒரு வார இறுதி. கழற்ற இன்னொன்று. அளவெடுக்க இரண்டு தனி நாட்கள். மதிப்பீடுகள் வர மூன்று வாரம் ஆகலாம், நல்ல கைகளுக்கு எப்போதும் வரிசை உண்டு. பேனல்களை மதிப்பீடு கையெழுத்தான அன்று வாங்குங்கள், அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம். என் துளை நீட்டிய மட்கார்டு இன்னும் கொட்டகைச் சுவரில்தான் தொங்குகிறது. இடது மட்கார்டு, மோரிஸ் மைனர், முன்துளைகள் 9 மி.மீ. நீளம் கூடுதல், யாருக்காவது வேண்டுமானால் சும்மாவே தருகிறேன்.